கல்லூரிக் கால்பந்தில் பாகப்பிரிவினை!

பணக்கார அண்ணன்கள் தனிக்குடித்தனம் போனார்கள். தம்பிகளின் கதி என்ன?

ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பிகள் 12 பேர். ஒரே அடுப்பு. ஒரே உண்டியல். நல்லது கெட்டது எதுவானாலும் 12 பேரும் கூடித்தான் செய்வார்கள்.

ஒரு நாள் வெளியூரில் இருந்து ஒரு பணக்காரர் வந்தார். அண்ணன்மாரில் வசதியான இரண்டு பேரை மட்டும் தனியே கூப்பிட்டார். "என்னோடு வந்துவிடுங்கள். இங்கே கிடைப்பதைவிட அதிகமாகக் கிடைக்கும்" என்றார். இரண்டு பேரும் பெட்டியைக் கட்டினார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் வேறு இடம் தேடிப் போனார். பிறகு ஒரே நாளில் ஐந்து பேர் கிளம்பினார்கள். எஞ்சிய நால்வரில் இரண்டு பேர் ஒரு மாதம் கழித்து நழுவினார்கள்.

கடைசியில், அவ்வளவு பெரிய வீட்டில் இரண்டு தம்பிகள் மட்டும் நின்றார்கள்.

இது கதை அல்ல. 2022, 2023-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்தது. அந்த அண்ணன் தம்பிகள், 12 பல்கலைக்கழகங்கள். பாகப்பிரிவினைக்குக் காரணம், கால்பந்து!

இது வேறு கால்பந்து

நம் ஊர்ப் பிள்ளைகள் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. அமெரிக்கக் கால்பந்து. பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூம்பி இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம். தூக்கி எறியலாம். எதிரிகள் பாய்ந்து வந்து மடக்கித் தள்ளுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். எல்லோருக்கும் தலையில் கவசம்; தோளில் கவசம்.

இந்த ஆட்டத்தின் மீது அமெரிக்க மக்களுக்கு உள்ள மோகம் கொஞ்சநஞ்சம் அல்ல. ஆடுகிறவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்க வருவதோ ஊரே திரண்டு! மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் உட்காரலாம்.

பெரிய கல்லூரிகளில் கால்பந்துதான் சம்பாதிக்கும் பிள்ளை. நீச்சல், ஓட்டம், பெண்களின் கைப்பந்து போன்ற மற்ற விளையாட்டுகளின் செலவில் பெரும் பகுதியை அந்த ஒரு பிள்ளைதான் சுமக்கிறது. ஆகவே, கால்பந்துக்கு அடி விழுந்தால் எல்லோருக்கும் வலிக்கும்.

கூட்டணி என்பது என்ன?

ஒரு கல்லூரி தனியாக ஆட முடியாது. எதிரே ஆட ஒருவர் வேண்டும். ஆகவே அக்கம் பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்துக்கொள்ளும். ஒவ்வோர் ஆண்டும் தங்களுக்குள் ஆடும். டெலிவிஷன் கம்பெனி கொடுக்கும் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

நாம் சொன்ன கூட்டுக் குடும்பத்தின் பெயர் 'பசிபிக்-12.' அமெரிக்காவின் மேற்குக் கரையில் பிறந்த கூட்டணி. 1915-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி, போர்ட்லண்ட் நகரத்து ஓட்டல் ஒன்றில் நான்கு கல்லூரிகள் கூடிப் பேசி இதற்கு விதை போட்டன. கலிபோர்னியா, வாஷிங்டன், ஆரிகன், ஆரிகன் விவசாயக் கல்லூரி ஆகியவை அந்த நான்கு. விவசாயக் கல்லூரிதான் பிற்காலத்தில் 'ஆரிகன் ஸ்டேட்' என்ற பல்கலைக்கழகம் ஆயிற்று. 1917-ம் ஆண்டில் 'வாஷிங்டன் ஸ்டேட்' வந்து சேர்ந்தது. அதுவும் விவசாயம் கற்பிக்கத் தோன்றியதுதான்.

அந்த இரண்டும்தான் இன்றைய கதையின் தம்பிகள்!

ஆரிகன் ஸ்டேட் இருப்பது கொர்வாலிஸ் என்ற ஊரில். சுமார் 60 ஆயிரம் பேர் வாழும் ஊர். வாஷிங்டன் ஸ்டேட் இருப்பது புல்மன் என்ற ஊரில். கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். ஜனத்தொகை சுமார் 33 ஆயிரம். மைதானத்தில் உட்காரக்கூடியவர்களும் ஏறக்குறைய அவ்வளவு பேரே! பந்தயம் நடக்கும் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எல்லாம் அங்கே வந்து கூடுவார்கள். ஓட்டல்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், பெட்ரோல் பங்குக்காரர் எல்லோருக்கும் அன்றுதான் நல்ல வியாபாரம்.

சிறிய ஊர்கள்தாம். ஆனால் பழைய பெருமை உண்டு. 1916-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, புகழ்பெற்ற 'ரோஸ் பவுல்' பந்தயத்தில் 14-0 என்ற கணக்கில் ஜெயித்த கல்லூரி வாஷிங்டன் ஸ்டேட். 1942-ம் ஆண்டு அதே பந்தயத்தில் 20-16 என்று ஜெயித்த கல்லூரி ஆரிகன் ஸ்டேட். அப்போது உலக யுத்தம். மேற்குக் கரைக்கு ஆபத்து என்று, நாட்டின் மறுகோடியில் போய் ஆடி ஜெயித்தார்கள்.

ஒரே நாளில் ஐந்து பேர்

2022-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி முதல் இடி விழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், தென் கலிபோர்னியாவும் யூ.சி.எல்.ஏ.வும், 'பிக் டென்' என்ற கூட்டணிக்குப் போவதாக அறிவித்தன.

'பிக் டென்' என்றால் 'பெரிய பத்து' என்று அர்த்தம். பெயரில்தான் பத்து. இப்போது எண்ணிப் பார்த்தால் பதினெட்டு! அந்தக் கூட்டணி 2022 ஆகஸ்டில் டெலிவிஷன் கம்பெனிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின.

அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ போயிற்று. 2023 ஆகஸ்டு 4-ந் தேதி ஐந்து கல்லூரிகள் ஒரே நாளில் போயின. ஆரிகனும் வாஷிங்டனும் 'பிக் டென்'னுக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் 'பிக் 12' என்ற கூட்டணிக்கு. செப்டம்பர் முதல் தேதி ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில் சேர்ந்தன. பசிபிக் கடற்கரைக் கல்லூரிகள், அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டணியில்! இதைக் கேட்டு அமெரிக்கர்களே சிரித்தார்கள்.

1915-ல் ஓட்டலில் கூடிய நால்வரில் மூவர் போய்விட்டார்கள். ஆரிகன் ஸ்டேட் மட்டும் நின்றது. துணைக்கு வாஷிங்டன் ஸ்டேட்.

ஜெயித்தவருக்கு இடம் இல்லை!

"சரியாக ஆடாத கோஷ்டியை யார் சேர்த்துக்கொள்வார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலைக் கேளுங்கள்.

2022-ம் ஆண்டுப் பந்தயங்களில் ஆரிகன் ஸ்டேட் 13 ஆட்டம் ஆடி 10-ல் ஜெயித்தது. கடைசி ஆட்டத்தில் புளோரிடா என்ற பெரிய கோஷ்டியை 30-3 என்று தோற்கடித்தது.

அதே ஆண்டு கொலராடோ 12 ஆட்டம் ஆடியது. எத்தனையில் ஜெயித்தது? ஒன்றே ஒன்றில்! ஸ்டான்போர்டு 3 ஆட்டத்தில் ஜெயித்தது. கலிபோர்னியா 4 ஆட்டத்தில் ஜெயித்தது.

ஒன்றில் ஜெயித்தவருக்கு வாசலில் வரவேற்பு. பத்தில் ஜெயித்தவருக்குக் கதவு அடைப்பு!

காரணம், மைதானத்தில் இல்லை. டெலிவிஷனில் இருக்கிறது. கொலராடோவுக்கு அருகே டென்வர் நகரம். ஸ்டான்போர்டுக்கும் கலிபோர்னியாவுக்கும் அருகே சான் பிரான்சிஸ்கோ. அங்கெல்லாம் லட்சக்கணக்கான வீடுகளில் டெலிவிஷன் ஓடுகிறது. கொர்வாலிசிலும் புல்மனிலும் எத்தனை வீடு? கணக்கு அவ்வளவுதான். கோஷ்டியின் பலத்தை யாரும் பார்க்கவில்லை. ஊரில் உள்ள தலைகளை எண்ணினார்கள்.

2023 செப்டம்பர் 23-ந் தேதி கைவிடப்பட்ட இரண்டு கோஷ்டிகளும் புல்மனில் மோதின. இரண்டுமே அப்போது நாட்டின் சிறந்த 25 கோஷ்டிகளின் பட்டியலில் இருந்தன. வாஷிங்டன் ஸ்டேட் 38-35 என்ற கணக்கில் ஜெயித்தது. கடைசி வரை விறுவிறுப்பான பந்தயம். ஆனால், இரண்டில் எது ஜெயித்தாலும் அழைக்க ஆள் இல்லை.

இதைத்தான் நாம் அநியாயம் என்கிறோம். விளையாட்டு என்றால் என்ன? யார் நன்றாக ஆடுகிறார்களோ அவர்கள் மேலே போகவேண்டும். பையன் எவ்வளவு உழைத்தாலும், பிறந்த ஊர் சின்னது என்பதற்காக அவனைக் கீழே நிறுத்தினால், அது விளையாட்டா?

ஒரே கூலி கொடுத்த காலம்

ஒரு காலத்தில் நிலைமை இப்படி இல்லை. 'என்.சி.ஏ.ஏ.' என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்தான் டெலிவிஷன் ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் செய்துவந்தது. இரண்டு ஆண்டுகளில் ஒரு கல்லூரியின் ஆட்டத்தை ஆறு தடவைக்கு மேல் காட்டக்கூடாது என்று ஒரு விதி போட்டிருந்தது. குறைந்தது 82 கல்லூரிகளைக் காட்டியாகவேண்டும் என்று இன்னொரு விதி.

1981-ம் ஆண்டில் நடந்த ஒரு வேடிக்கை. ஓக்லஹாமாவும் தென் கலிபோர்னியாவும் ஆடிய ஆட்டத்தை 200 டெலிவிஷன் நிலையங்கள் காட்டின. அதே வாரம், சிட்டடல், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற இரண்டு சிறிய கல்லூரிகள் ஆடிய ஆட்டத்தை 4 நிலையங்கள் காட்டின. ஆனால், நான்கு கோஷ்டிகளுக்கும் கிடைத்த பணம் ஒன்றே!

பெரிய கல்லூரிகளுக்கு இது பிடிக்குமா? ஓக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குத் தொடர்ந்தன. 1984 ஜூன் 27-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. "சங்கத்தின் கட்டுப்பாடு, வியாபாரப் போட்டியைத் தடுக்கிறது. சட்டப்படி செல்லாது" என்பது தீர்ப்பின் சாரம். ஏழு நீதிபதிகள் ஒரு பக்கம். இரண்டு நீதிபதிகள் மறுபக்கம்.

மறுபக்கம் நின்று எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவர் இளமையில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடிப் புகழ் பெற்றவர்! கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக்கூடாது என்பது அவருடைய வாதம். அந்த வாதம் எடுபடவில்லை.

அன்று அணை உடைந்தது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டணிக்குப் பார்ப்பவர் அதிகமோ, அந்தக் கூட்டணிக்குப் பணம் அதிகம். எங்கே பணம் அதிகமோ, அங்கே கல்லூரிகள் ஓடத் தொடங்கின.

அடி வாங்கக் கூலி

சிறிய கல்லூரிகள் எப்படிப் பிழைக்கின்றன? ஒரு வழி இருக்கிறது. பெரிய கல்லூரி, ஆண்டுத் தொடக்கத்தில் சிறிய கல்லூரி ஒன்றைத் தன் ஊருக்குக் கூப்பிடும். வந்து ஆடுவதற்குப் பணம் கொடுக்கும். சிறியவர் தோற்பார், பெரியவர் ஜெயிப்பார், டிக்கெட் விற்கும். அடி வாங்கக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்குமா? 1981-ல் சமபங்கு வாங்கிய அந்த அப்பலாச்சியன் ஸ்டேட், 2007 செப்டம்பர் முதல் தேதி மிச்சிகனுக்குப் போயிற்று. ஒரு லட்சம் பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். கூலி 4 லட்சம் டாலர். ஆட்டம் முடிந்தது. அப்பலாச்சியன் ஸ்டேட் 34, மிச்சிகன் 32! கூலியும் வாங்கி, ஆட்டத்தையும் ஜெயித்து ஊர் திரும்பினார்கள்.

2024 செப்டம்பர் 7-ந் தேதி வட இல்லினாய் பல்கலைக்கழகம், நோட்டர் டேம் என்ற பேர்பெற்ற கோஷ்டியை 16-14 என்று தோற்கடித்தது. கூலி 14 லட்சம் டாலர். அப்போது அந்தக் கல்லூரி இருந்த கூட்டணியில், ஒரு வருஷம் முழுவதும் ஒரு கல்லூரிக்குக் கிடைத்த டெலிவிஷன் பணம் 10 லட்சம் டாலர்கூட இல்லை. 'பிக் டென்'னில் பல கல்லூரிகளுக்கு ஆண்டுக்கு 6 கோடி டாலர் வரை கிடைத்துவந்தது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

கூட்டணிகள் பெருத்துவிட்டால், தங்களுக்குள்ளேயே அதிக ஆட்டங்கள் ஆடிக்கொள்வார்கள். சிறியவர்களைக் கூப்பிடுவது குறையும். கூலியும் போகும். எப்போதாவது ஒரு நாள் யானையைச் சாய்க்கும் வாய்ப்பும் போகும். நாம் அதிகம் கவலைப்படுவது இரண்டாவதற்குத்தான்.

வளர்த்தவர் ஒருவர், அனுபவிப்பவர் ஒருவர்

முன்பெல்லாம் ஒரு கல்லூரியில் இருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறும் ஆட்டக்காரன் ஓர் ஆண்டு ஆடாமல் சும்மா இருக்கவேண்டும். 2021-ம் ஆண்டில் இந்த விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலை முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்றும் ஆயிற்று. பணக்கார ஊருக்குப் போனால் பணம் அதிகம்.

காம் வார்டு என்ற வாலிபரின் கதை இது. முதலில் டெக்சாசில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடினார். அங்கே இருந்து வாஷிங்டன் ஸ்டேட் அவரை அழைத்து வந்தது. 2022, 2023 இரண்டு ஆண்டும் அங்கே ஆடித் தேறினார். கூட்டணி உடைந்தது. 2024-ல் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2025 ஏப்ரலில், தொழில்முறைக் கோஷ்டிகள் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானார்!

அந்தப் பையனை நாம் குறை சொல்லமாட்டோம். திறமை இருக்கிறது; முன்னேறினார். ஆனால், வாஷிங்டன் ஸ்டேட்டின் நிலையைப் பாருங்கள். நாற்று விடுவது ஒருவர்; அறுவடை செய்வது வேறொருவர்.

பயிற்சியாளர்களும் அப்படியே. ஆரிகன் ஸ்டேட்டின் பயிற்சியாளர் ஜோனதன் சுமித். அதே கல்லூரியில் படித்து, அதே கோஷ்டியில் ஆடியவர். 2023 நவம்பரில் அவரும் 'பிக் டென்'னில் உள்ள மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

இந்த அடி கால்பந்தோடு நிற்கவில்லை. 2025 ஜூனில் வாஷிங்டன் ஸ்டேட் தாண்டுதல், எறிதல் போட்டிகளைக் கைவிட்டது. குறுந்தூர ஓட்டத்தையும் தடை தாண்டும் ஓட்டத்தையும் குறைத்தது. நீளம் தாண்டும் ஒரு பெண்ணுக்கும் டெலிவிஷன் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் பாதிக்கப்பட்டது அவள்தான்!

தம்பிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்

தம்பிகள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. "போகிறவர்கள் போகட்டும். ஆனால் வீட்டுச் சொத்தில் கைவைக்க அவர்களுக்கு இனி உரிமை கிடையாது" என்று 2023 செப்டம்பரில் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடந்தது புல்மன் இருக்கும் மாவட்டத்துக் கோர்ட்டில். நவம்பரில் நீதிபதி கேரி லிபி, தம்பிகள் பக்கம் உத்தரவு போட்டார். டிசம்பரில் அந்த மாநிலத்தின் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. பிறகு சமரசம் ஏற்பட்டது.

சொத்து கிடைத்தது. ஆட ஆள் வேண்டுமே! 'மவுண்டன் வெஸ்ட்' என்ற நடுத்தரக் கூட்டணியோடு ஒப்பந்தம் செய்து, 2024-ல் ஒவ்வொருவரும் ஆறு ஆட்டம் ஆட, 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2025-ல் தம்பிகள் இருவரும் தங்களுக்குள்ளேயே ஒரே ஆண்டில் இரண்டு தடவை ஆடினார்கள்!

இங்கே கதை திரும்புகிறது. 2024 செப்டம்பரில் தம்பிகள் தங்கள் வீட்டை மறுபடி நிரப்பத் தொடங்கினார்கள். யாரை அழைத்தார்கள் தெரியுமா? ஆபத்துக்கு உதவிய 'மவுண்டன் வெஸ்ட்' கூட்டணியில் இருந்தே ஐந்து கல்லூரிகளை இழுத்தார்கள்! போய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகியவை அந்த ஐந்து. 2026 ஜூலை முதல் புதிய குடித்தனம் என்று ஏற்பாடு. "எங்கள் ஆட்களை இழுத்தால் நஷ்டஈடு தரவேண்டும் என்பது பேச்சு" என்றது மவுண்டன் வெஸ்ட். ஐந்து பேருக்கு 5 கோடியே 50 லட்சம் டாலர் கணக்குச் சொன்னது. அது செல்லாது என்று தம்பிகள் மறுபடி கோர்ட்டுக்குப் போனார்கள்.

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டியா? நேற்று அடிபட்டவர்கள் இன்று அடித்தார்கள். தம்பிகள்மீது நமக்கு அனுதாபம் உண்டு. ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்கமுடியாது.

அவர்களை மட்டும் சொல்வானேன்? நாடு முழுவதும் இதே சங்கிலிதான். 2021 ஜூலையில் டெக்சாசும் ஓக்லஹாமாவும் 'பிக் 12'ஐ விட்டுப் போவதாக அறிவித்தன. பிக் 12, அந்த ஓட்டையை அடைக்க, அமெரிக்கன் கூட்டணியில் இருந்து மூன்று கல்லூரிகளை எடுத்தது. அமெரிக்கன், தனக்குக் கீழே உள்ள கூட்டணியில் இருந்து ஆறு கல்லூரிகளை எடுத்தது. கீழே உள்ளது, இன்னும் கீழே போய்த் தேடியது. மேல் படியில் இரண்டு பேர் நகர்ந்தார்கள். கடைசிப் படி வரைக்கும் ஆட்டம் கண்டது!

பக்கத்து ஊரின் பாடம்

புல்மனில் இருந்து எட்டு மைல் தூரத்தில் மாஸ்கோ என்று ஓர் ஊர். ரஷியத் தலைநகரம் அல்ல. அமெரிக்காவின் இடாஹோ மாநிலத்தில் உள்ள சிறிய ஊர். அங்கே இடாஹோ பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவும் ஒரு காலத்தில் இந்தக் கூட்டுக் குடும்பத்துப் பிள்ளைதான்!

1959-ம் ஆண்டில் குடும்பம் முதல் தடவை பிரிந்தது. ஐந்து பேர் தனியே போய்ப் புதுவீடு கட்டினார்கள். வாஷிங்டன் ஸ்டேட்டை 1962-லும், ஆரிகன், ஆரிகன் ஸ்டேட் இரண்டையும் 1964-லும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். இடாஹோவை மட்டும் கூப்பிடவே இல்லை.

இடாஹோ எங்கெங்கோ ஒண்டிப் பார்த்தது. 1996-ல் மேல் பிரிவுக்கு ஏறியது. 2016-ல் அது இருந்த கூட்டணி, "அடுத்த ஆண்டோடு சரி. உங்கள் ஊர் தூரம்" என்று கையை விரித்தது. அப்படிச் சொன்ன அதே ஆண்டு இடாஹோ 13 ஆட்டத்தில் 9-ல் ஜெயித்தது! என்ன பயன்?

இடாஹோ ஒரு முடிவு எடுத்தது. 2018-ம் ஆண்டு, செலவு குறைந்த இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. மேல் பிரிவில் இருந்து தானாகவே இறங்கிய முதல் கல்லூரி அதுதான். "அவமானம்" என்று பழைய மாணவர்கள் பலர் கோபித்தார்கள். நடந்தது என்ன? அக்கம் பக்கத்துக் கல்லூரிகளோடு மறுபடி ஆட முடிந்தது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளும் அந்தப் பிரிவின் சாம்பியன் பந்தயச் சுற்றுகளில் இடம் பிடித்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

வேறொரு பாடம், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் கிடைத்தது. 2014 டிசம்பரில் அங்கே உள்ள பல்கலைக்கழகம், "செலவு தாங்கவில்லை" என்று கால்பந்தையே மூடியது. ஊர் கொதித்தது. மாணவர்கள், வியாபாரிகள், பழைய மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் திரட்டினார்கள். ஆறே மாதத்தில் முடிவு மாறியது. 2017-ல் கோஷ்டி மறுபடி மைதானத்தில் இறங்கியது. அடுத்த ஆண்டே தன் கூட்டணியில் சாம்பியன் ஆயிற்று. ஊர் நினைத்தால் கோஷ்டி பிழைக்கும்.

பெரியவர்கள் பக்கத்து நியாயம்

போனவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கும் கடன் இருக்கிறது; செலவு இருக்கிறது. பசிபிக்-12 கூட்டணிக்கு நல்ல டெலிவிஷன் ஒப்பந்தம் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

இன்னொரு உண்மையும் உண்டு. பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கில் பணம் புரண்டது. ஆனால் ஆடிய பையன்களுக்கு உபகாரச் சம்பளத்துக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. இப்போது அது மாறிவிட்டது. 2025 ஜூனில் ஒரு கோர்ட்டு ஒப்புக்கொண்ட சமரசப்படி, முதல் ஆண்டில் ஒரு கல்லூரி சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். உழைத்தவனுக்குக் கூலி. நல்ல காரியம்தான்.

ஆனால் அந்தத் தொகையைக் கொடுக்கக்கூடியவர்கள் யார்? பெரிய கூட்டணிக்காரர்கள்தாம். ஆகவே இடைவெளி இன்னும் பெருகும்.

என்ன செய்யவேண்டும்?

நாம் சொல்வது மூன்று விஷயங்கள்.

முதலாவது: கால்பந்துக்காக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகட்டும். மற்ற விளையாட்டுகளை அக்கம் பக்கத்தோடு வைத்துக்கொள்ளட்டும். லாஸ் ஏஞ்சல்சில் இருந்து, 'பிக் டென்'னில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு 2,400 மைலுக்கு மேல். கால்பந்துக் கோஷ்டி ஆண்டுக்குச் சில தடவைதான் பறக்கும். கைப்பந்து ஆடும் பெண்கள் வாரந்தோறும் பறக்கவேண்டுமா? எப்போது படிப்பார்கள்?

இரண்டாவது: எல்லோருக்கும் பொதுவான சாம்பியன் பந்தயப் பணத்தைக் கொஞ்சம் நியாயமாகப் பங்கிடட்டும். 2026-ல் தொடங்கும் ஏற்பாட்டின்படி, அந்தப் பணத்தில் சுமார் 58 சதவிகிதம் இரண்டு பெரிய கூட்டணிகளுக்கு. ஐந்து சிறிய கூட்டணிகளுக்கும் சேர்த்து 9 சதவிகிதம்! பழைய காலத்துச் சமபங்கை நாம் கேட்கவில்லை. பந்தியில் எல்லோரும் ஒரே அளவு சாப்பிடவேண்டியது இல்லை. ஆனால் கடைசி இலைக்கும் சோறு வரவேண்டும்.

மூன்றாவது, சிறிய கல்லூரிகளுக்கு. பெரியவர்களைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். பல சிறிய கல்லூரிகளில், மாணவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பகுதி விளையாட்டுச் செலவுக்குப் போகிறது. பந்தயமே பார்க்காத ஏழை மாணவனும் அதைக் கட்டுகிறான். அவன் முதுகில் ஏறிக்கொண்டு பணக்காரனோடு பந்தயம் ஓடுவது தர்மம் அல்ல. இடாஹோவைப் போலத் தன் அளவை அறிந்து ஆடுவதே மேல்.

ஒரு கூட்டணி எதற்காக? பலவீனமான ஆண்டில் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளத்தான். ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை எந்தப் பெரிய கோஷ்டியும் மறக்கக்கூடாது. 11 பேர் எதிரே நின்றால்தான் இந்த 11 பேருக்கு மரியாதை.

புல்மனைச் சுற்றிலும் கோதுமை விளைகிறது. சனிக்கிழமை தோறும் அந்தச் சின்ன ஊரின் மைதானம் இன்னும் நிரம்புகிறது. தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற குழந்தைக்கு டெலிவிஷன் ஒப்பந்தம் தெரியாது. தன் ஊர் ஜெயிக்குமா என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். "நன்றாக ஆடினால் மேலே போகலாம், கண்ணே" என்று அந்தத் தகப்பன் பொய் இல்லாமல் சொல்ல முடியவேண்டும்.

பெரிய அண்ணன்களே! அதற்கு வழி விடுங்கள்.